“அவ வேலையா இருக்கா மாமா”

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இன்று நாவலப்பிட்டியில் ஆட்கள் உட்கார நான் வாடகைக்குக் கொடுக்கும் கதிரைகள் போகாத கூட்டம் கிடையாது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய கூட்டத்துக்கும் போயிருந்தன. ஓரமாக நின்று கேட்டேன்.

“உங்க மகளோட கடைசியா எப்பங்க தனியா பேசினீங்க?” என்று மேடையில் ஒரு பெண் கேட்டார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. கண்டியில் கட்டிக்கொடுத்த மூத்தவளின் குரலைக் கேட்க ஏங்கித்தான் போன் எடுப்பேன். “அவ வேலையா இருக்கா மாமா” என்பார் மருமகன். வைத்துவிடுவேன்.

அப்படியே வேனை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். மகளின் கன்னம் வீங்கியிருந்தது.

“இப்பதான் வரத் தோணுச்சாப்பா?”

“வேன் நிக்குதும்மா, வா.”

இப்போது என்னோடு இருக்கிறாள். அவள் பழையபடி சத்தமாகச் சிரிப்பதைக் கேட்கக் காத்திருக்கிறேன். கம்பளையில் இருக்கும் இளையவளின் கணவர் தங்கமானவர்தான். ஆனாலும் மாதாமாதம் போய், அவளை மட்டும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.