ஆமையை மூன்று முறை உதை

வட்டமான கறுப்புப் படலத்தின் ஓரத்தை நகநுனியால் மட்டும் பிடித்து, சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். கணினிக் கோப்புகளைப் பதிந்துவைக்கும் பழைய ஃப்ளாப்பியின் உறையைக் கிழித்து வெளியே எடுத்த படலம் அது. வெள்ளைப் பூஞ்சணம் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தது. அவசரப்பட்டுத் தேய்த்தால் பூஞ்சணத்தோடு உள்ளே பதிந்திருப்பதும் போய்விடும். ஊறப்போட்டு, அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் அந்தக் கைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அதனால்தான் பழைய அலுவலகத்தில் அவருக்கு ஆமை என்று பேர் வைத்தார்கள். பத்து வருடம் அங்கே கணினி மெக்கானிக்காக இருந்துவிட்டு, வெளியே வந்து, சந்து முனையில் சொந்தமாகக் கடை போட்டார். படித்து வாங்கிய பட்டம் ஒன்றும் இல்லை. செத்த இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான். மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த சாமான்கள் கடைசியில் இவர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

இந்த ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். அதே அலுவலகத்தில் புரோகிராம் எழுதியே மேலே போனவர். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார்.

"மாப்ளே, இது நம்ம பழைய கேம்! வழியனுப்பு விழாவுல பெரிய திரையில போட்டு எல்லாரையும் ஆட வைக்கப் போறோம். உங்கள விட்டா இதுக்கு யாரு உயிர் கொடுப்பா?"

"பார்க்கறேன் மச்சான்."

"நான் சொல்றது இந்த வருஷத்து வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்கட்டும்!" சிரிப்பை வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனார் மச்சான்.

புதன்கிழமை மதியம் படலம் காய்ந்தது. வேறொரு ஃப்ளாப்பியின் உறையை வெட்டி அதற்குள் நுழைத்து, பழைய கணினியில் போட்டார். நான்கு முறை முனகிவிட்டு ஐந்தாவது முறை படித்தது. வேலை அதோடு முடிந்துவிடவில்லை. சரிசெய்த எதையும் ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் அவர் வெளியே விடமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் இல்லை, சத்தம் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அவ்வளவுதான். நாம் ஒரு கட்டளையைத் தட்டினால் அது பதில் சொல்லும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் மச்சானே புள்ளி புள்ளியாக வரைந்து சேர்த்திருந்தார். வேலைக்குப் புதிதாக வந்தவன் மேலாளரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு உயிரோடு வெளியேற வேண்டும் என்பதுதான் ஆட்டம்.

'கதவைத் திற' என்று தட்டினார்.

"திறந்தாயிற்று. உள்ளே வேலை தெரிகிறது. மூடிவிடவா?"

'மேலாளரை எழுப்பு.'

"அவர் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உன்னை வெறுக்கிறார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் இதிலெல்லாம் கெட்டிக்காரர்தான்.

ஆட்டத்தில் அடுத்து வந்த மாடிப்படியில் ஆமை உட்கார்ந்திருந்தான், கையில் திருப்புளியோடு.

'ஆமையிடம் பேசு.'

"ஆமை பேசுவதற்காக வாயைத் திறக்கிறான். நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா."

'ஆமையை உதை.'

"வலி இன்னும் அவன் தலைக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி உதை."

மூன்றாவது உதையில் ஆமையின் சட்டைப்பையிலிருந்து கிடங்குச் சாவி விழுந்தது. இதுவரை அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவர் எதிரிலேயே ஆடிக் காட்டியிருக்கிறார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதற்கு மேல் பார்த்ததில்லை. கணினி அறைக்குள் அவர் நுழைந்தால் கூட்டத்தின் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். யாராவது ஒருவர் எழுந்து நாற்காலி போடுவார். மரியாதை என்று நினைத்திருந்தார்.

சாவியைப் போட்டுக் கிடங்கைத் திறந்தார்.

"இருட்டு. மூலையில் ஆமை நிற்கிறான். இங்கே அவனுக்கு வயது பதினொன்று."

விரல் விசைப்பலகைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, 'ஆமையைப் பார்.'

"நேற்றைய காற்சட்டையையே போட்டிருக்கிறான். ஈரம் காயவில்லை. துவைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. கிட்டே போகாதே, நாற்றம்."

பதினோரு வயதில் கூடப்படித்த பையன்கள் அவரைப் பள்ளிக் கிடங்கில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பயத்தில் காற்சட்டையிலேயே போய்விட்டது. ஆம்பளைப் பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று அப்பா அதே காற்சட்டையை மறுநாளும் மாட்டி அனுப்பினார். இதை அவர் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஆறாம் நாள், மழைக்காகப் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நின்றபோது, மனைவியிடம். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோப்பின் தேதியைப் பார்த்தார். கல்யாணமாகி மூன்றாவது வாரம்.

அந்த வரியை அழிக்க இரண்டு நிமிடம் போதும். பூஞ்சணம் தின்றுவிட்டது என்று மொத்தமாகக் கைவிரித்தாலும் மச்சான் நம்புவார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எதையும் தொடாமல் கணினியை அணைத்தார்.

மகள் அந்த அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம். அன்று சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, அந்த கேம்ல நீங்களும் வர்றீங்களாமே! பழைய ஆளுங்க எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. முதல்ல என்னைத்தான் மாமா ஆடச் சொல்லியிருக்கார்."

"அதுல உங்கப்பாதான் ஹீரோ," என்றாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அண்ணனிடம் சொன்னதையே மறந்திருந்தாள்.

வியாழக்கிழமை, ஃப்ளாப்பியை வாங்கிப்போக மனைவியே கடைக்கு வந்தாள். "அண்ணன் குதிக்கிறாருங்க. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உட்காரு. வாங்கறவங்க ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"எனக்குமா? பொண்டாட்டிக்கே சட்டமா?"

"எல்லாருக்கும்தான்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். மேலாளர் வெறுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். மாடிப்படிக்கு வந்ததும், "ஐயோ பாவம், உங்கள உதைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று முறையும் உதைத்தாள். சாவி விழுந்தது. கிடங்கு திறந்தது.

"இப்ப 'ஆமையைப் பார்'னு போடு."

வந்ததை வாய்விட்டே படிக்க ஆரம்பித்தாள். "நேற்றைய காற்சட்டையையே..." குரல் நின்றது. மீதியைக் கண் மட்டும் படித்தது.

"நான் கேலியா சொல்லலைங்க," என்றாள். "பாவமா இருந்துச்சு, அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு இப்படி எழுதுவாருன்னு..."

"சரி."

"எடுத்துடுங்க. ஒரு வரிதானே?"

"ஒரு வரிதான். ஆனா வந்த பொருளைக் குறைச்சுத் திருப்பிக் கொடுக்கற பழக்கம் எனக்கு இல்ல."

"நம்ம பொண்ணுங்க! எல்லார் முன்னாடியும் அவ கையாலயே தட்டிப் படிக்கப் போறா. அவமானமா இல்லயா உங்களுக்கு?"

"இருக்கு. ஆனா இருபத்திநாலு வருஷமா அந்த ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்ச விஷயம். எனக்குத்தான் நேத்துத் தெரிஞ்சுது. அவ படிச்சுட்டு, இது எப்படி மாமாவுக்குத் தெரியும்னு உன்னைத்தான் கேப்பா. பதிலை யோசிச்சு வை."

அவள் அழுதாள். அவர் ஃப்ளாப்பியைக் காகித உறையில் போட்டு, மடிப்பை விரலால் நீவி, மேல்பக்கம் எது என்று பென்சிலால் குறித்தார். நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கைப்பைக்குள் வைக்கப் போனாள்.

"பைல வைக்காத. பையோட கொக்கியில காந்தம் இருக்கு, அழிஞ்சுடும்."

அவள் கை நின்றது. உறையைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள்.

"அழிஞ்சாலும் கவலையில்ல," என்றார் அவர். "பிரதி எடுத்து வச்சிருக்கேன். எந்த வேலையா இருந்தாலும் ஒண்ணு எடுத்து வைக்கறதுதான். மச்சான் கேட்டா உடனே கொடுத்துடுவேன்."

அவள் கைப்பையை மூடினாள். உறையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வளைக்காமப் பிடி," என்றார்.