சந்தேகக் காலனிகள்

"லயத்துல இருந்து வந்த புள்ளைக்கு ஜெர்மன் எங்க வரப்போகுது? சரி, பாக்கலாம் அம்மிணி." பாலக்காட்டுச் சித்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த உணவுப் பரிசோதனைக்கூடத்தின் முதலாளி, நேர்காணலில் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே சொன்னது இது. வேலந்தாவளம் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவரின் நிதானம் அந்தக் குரலில் இருந்தது.

அம்மா பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள்; தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில்தான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நுண்ணுயிரியல் பட்டம் வாங்கிய பிறகு பாலக்காட்டில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஜெர்மனிக்குப் போகக் காத்திருந்த நர்ஸுகள். எங்கே வலிக்கிறது என்று அவர்கள் கேட்கப் பழகியபோது, நான் ஆய்வகச் சொற்களைத் தேடித் தேடிப் படித்தேன்.

எங்கள் கூடத்துக்கு ஏற்றுமதி ஏலக்காய் சோதனைக்கு வரும். வாங்கும் ஜெர்மன் கம்பெனி, சோதிக்கும் முறையை ஜெர்மனில் அனுப்பும். அதை ஆங்கிலமாக்குவது என் வேலை. அதில் நான் அதிகம் கவனம் வைத்த சொல் 'ஃபெர்டாக்ட்ஸ்கொலோனியன்', அதாவது சந்தேகக் காலனிகள். சோதனைத் தட்டில் கருப்பு மையத்தோடு வளரும் காலனி, அதாவது கிருமித் திட்டு, வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லாவாக இருக்கலாம்; அதே தோற்றத்தில் வளரும் வேறு கிருமியாகவும் இருக்கலாம். உறுதிச் சோதனை முடியும்வரை அது சந்தேகம் மட்டுமே. ஆங்கிலத்தில் அதற்கு 'பிரிசம்ப்டிவ்' என்று போட்டேன்.

மொழிபெயர்ப்பின் கீழே, 'தயாரித்தவர்' என்ற இடத்தில், முதலாளியின் அக்கா மகன் பெயர் வந்தது. அவர் எம்.பி.ஏ. படித்தவர், ஆபீஸ் பார்ப்பவர். ஜெர்மனில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. என் பெயரைப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். கடைசி முறை முதலாளி சிரித்தார். "பேருல என்ன அம்மிணி இருக்குது? மாசமானா சம்பளம் வருதல்ல?"

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தங்கள் பெயரைக் கட்டடத்தின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு அந்த அக்கா மகன் என் ஆங்கிலத்தை மெருகேற்றினார். சந்தேகம் என்று எழுதினால் நமக்கே தெரியாத மாதிரி இருக்கிறது, பார்ட்டி காசு கொடுப்பது உறுதியான பதிலுக்குத்தானே என்பது அவர் வாதம். 'பிரிசம்ப்டிவ்' இருந்த இடங்களில் எல்லாம் 'பாசிட்டிவ்' என்று மாற்றினார். உறுதிச் சோதனைப் பத்தியையும் தேவையில்லை என்று தூக்கிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், டெக்னீஷியன் அந்தத் தாளைப் பார்த்துச் சோதித்தார். கருப்பு மையம் தெரிந்தது. சால்மொனெல்லா என்று ரிப்போர்ட் ஜெர்மனிக்குப் போனது. பீர்மேட்டுப் பக்கத்து ஏலக்காய், ஒரு லாட் முழுவதும், கொச்சித் துறைமுகத்தில் நின்றுபோனது.

திரும்பி வந்ததும், எடுத்துவைத்திருந்த மீதிச் சாம்பிளில் உறுதிச் சோதனை செய்தேன். சால்மொனெல்லா இல்லை.

ஜெர்மன் கம்பெனி விளக்கம் கேட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை என்று அதில் இருந்தது. அடியில், முதன்முறையாக, என் முழுப் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.

"ஒரு கையெழுத்துப் போட்ரு அம்மிணி. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிருச்சுன்னு அவங்களும் விட்டுருவாங்க."

அக்கா மகன் பக்கத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனது கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு சார்" என்றேன்.

"அதெல்லாம் ஆரு பாக்கப்போறா?"

தாளை மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். நான் எழுதியது, மாற்றப்பட்டது, மீதிச் சாம்பிளின் முடிவு மூன்றையும் ஜெர்மனில் ஒரே பக்கத்தில் எழுதினேன். யாரையும் திட்டவில்லை. ஜெர்மனில் திட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் முதல் மொழிபெயர்ப்பையும் இணைத்து, கீழே என் பெயரைப் போட்டேன். அந்தக் கம்பெனிக்கும், நகல் முதலாளிக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.