நல்லது மட்டாஞ்சேரிக்கு, கழிசல் வீட்டுக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கிற தெருவில் நான் காப்பித்தூள் கடை வைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்குத் தகுந்த மூக்கும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தபடியே, "எறக்கு, கருகப் போவுது" என்று வறுக்கிறவரிடம் கத்துவேன். என் மூக்குக் கணக்கு தப்பியதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மூட்டையை அந்த மூக்குதான் கண்டுபிடித்தது. மூணாறு பக்கம் மறையூருக்கு மேலே, பஸ் போகாத மலையிலிருந்து ஒருவர் கொண்டு வந்தது. அங்கே தமிழ் பேசும் சில குடும்பங்கள், வீட்டைச் சுற்றி ஆளுக்குக் கொஞ்சம் காப்பிச் செடி. வழக்கமாக மொத்த வியாபாரிக்குப் போடுவார்கள். அவர் கிடங்கில் நாலு மலைக் கொட்டையும் ஒன்றாகிவிடும். அந்த முறை மிஞ்சிய மூட்டை எனக்கு வந்தது. வறுத்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. இதை எதோடும் கலக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். 'ஒரே மலைக் காப்பி' என்று தமிழிலும் மலையாளத்திலும் போர்டு மாட்டினேன்.

முதலில் ஏச்சுதான். "சிக்கரி இல்லாம என்ன காப்பி சேச்சி? வெறும் வெள்ளம் போல இருக்கு" என்றார் எதிர்க்கடை மிளகு வியாபாரி.

"தண்ணி ஊத்தினது நீங்க சேட்டா. நான் தூள்தான் குடுத்தேன்."

மழைக்காலம் முடிவதற்குள் அவரே குடை பிடித்துக்கொண்டு வந்து அதைக் கேட்டு வாங்கினார்.

அதிலிருந்து மலைக்காரர் வருடா வருடம் மூட்டைகளை எனக்கே கொண்டு வந்தார். சில வருடங்களில் காப்பி விலை விழுந்தது. அந்த வருடம் அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். "அக்கா, செடியப் பிடுங்கிறலாம்னு ஊர்ல பேசிட்டோம். பீன்ஸ் போட்டா சீக்கிரம் கைக்கு வந்துரும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குத் திக்கென்றது. கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தக் காப்பி. பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இவ்வளவு நல்ல காப்பியப் பிடுங்க எப்படி மனசு வருது உங்களுக்கு?"

"நல்லதா கெட்டதான்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்? நல்ல கொட்டை எல்லாம் மூட்டைக்குப் போயிரும். ஒடஞ்சதும் கருத்ததும்தான் வீட்டுக்கு. வெல்லம் போட்டுக் கொதிக்க வச்சுக் குடிப்போம்."

எழுந்து உள்ளே போய் ஃபில்டரில் தூளைப் போட்டேன். பால் ஊற்றாமல், அவர் பழக்கத்துக்கு வெல்லம் மட்டும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது எங்களுதா?"

"பின்ன, என் மாமியார் தோட்டத்துல விளைஞ்சதா?"

இரண்டாவது டம்ளரை அவரே கேட்டு வாங்கினார். கிளம்பும்போது தயங்கி, "அரைக்கிலோ தூள் குடுங்கக்கா. வீட்டுக்காரிதான் வருசா வருசம் பழம் பறிக்கிறா. அவ குடிச்சதில்ல" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு. ஊரே குடிக்கிற அளவுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

செடியைப் பிடுங்கவில்லை. அடுத்த அறுவடை முடிந்து வந்தார். ஆனால் எப்போதும் வருவதில் பாதிதான் வந்திருந்தது.

"மீதி எங்க?"

"வீட்டுக்கு வச்சுக்கிட்டோம்கா. இப்ப ஊர்ல எல்லாரும் அதத்தான் குடிக்கிறோம்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். வேறு கேள்வி வந்தது.

"அப்போ ஒடஞ்சது, கருத்தது எல்லாம்?"

"மொத்த வியாபாரிக்குப் போட்டாச்சுக்கா."