மஞ்சள் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காரணம் சொல்லி, கண்முன்னே நிற்கிறவரை நகரச் சொல்வதுதான் என் வேலை. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தாதீர்கள் என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் கதிர்வீச்சு இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளில் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று, கதிரைப் பாய்ச்சிப் படமெடுத்துத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறவள் நான். அலுவலகம் புஞ்சாக் ஆலாமில். வேலை பெரும்பாலும் தோட்டங்களில்.

வாசலில் கத்திய கருவி

ஒரு நாள் காலை, ஆலை வாசலில் கதிர்வீச்சு அளக்கும் கருவியை முடுக்கியதும் அது வீல் வீலென்று கத்தியது. கதிர்ப்பொருள் வைத்த எங்கள் பெட்டிதான் கசிகிறதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. உடன் வேலை செய்யும் அஸ்மான் பெட்டியைத் தூரமாகக் கொண்டுபோனார். சத்தம் குறையவில்லை. வாசலில் காவல் இருக்கும் ஜாகா சுப்பையா அண்ணன் காப்பி எடுக்க உள்ளே போனார், சத்தம் அடங்கியது. திரும்பி வந்தார், மறுபடியும் கத்தல்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்களா?" என்றேன். முந்தின நாள் இருதய ஸ்கேனுக்காக ஊசி போட்டார்களாம். அந்த மருந்தில் உள்ள கதிர்தான் காரணம், சீக்கிரம் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன்.

"அதான் மேடம், எம் பொண்டாட்டி காலையிலேர்ந்து தள்ளியே உக்காந்திருக்கா. அவகிட்டயும் இந்த மிஷின் இருக்கா?"

ராசாவில் ஒரு மாத்திரை

அணுமின் நிலையம் இங்கேயும் வரலாம் என்று பேச்சு அடிபட்ட பிறகு, ஊர் ஊராக விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். ராசா என்ற ஊரில் லோரி ஓட்டும் ஒருவர், அயோடின் மாத்திரையை இப்போதிருந்தே தினம் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது, அது கதிர்வீச்சு முழுவதையும் தடுக்காது, தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் போட்டால்தான் பயன் என்றேன்.

"அப்போ மாத்திரை முக்கியமில்ல லா, சொல்றவன்தான் முக்கியம். அவன் போன் நம்பரக் குடுங்க."

திரும்பி வராத முனை

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஓர் ஆலை. கதிரை வீசும் பொருள் பென்சில் முனை அளவுதான். கைப்பிடியைச் சுற்றினால் அது பெட்டியிலிருந்து குழாய் வழியே வெளியே போகும். படம் எடுத்ததும் திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். அன்று வரவில்லை. மேலேயிருந்து ஓர் இரும்புத் தகடு விழுந்து குழாயை நசுக்கிவிட்டது. கருவி நிற்காமல் கத்தியது.

எல்லாரையும் விலக்கி, எல்லை காட்டும் மஞ்சள் கயிற்றை இன்னும் தூரத்தில் கட்டினோம். வெளியே செம்பனைப் பழ லோரிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராமையா வந்து, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார். "தெரியாது" என்றேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் ஆட்களைப் பேர் சொல்லி எண்ணிவிட்டு, விறுவிறுவென்று ஆலைக்குப் பின்னால் போய் வெயிலில் நின்றுகொண்டார். சற்று நேரத்தில், களையெடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க வந்த நான்கு பெண்களை அவர் திருப்பி அனுப்புவது தெரிந்தது. அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை இருப்பதே எனக்குத் தெரியாது.

காலிக் குழாயை வைத்து மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். பிறகு ஆள் மாற்றி ஆள் ஓடி, கதிரைத் தடுக்கும் ஈயப் பொதிகளால் அந்த இடத்தை மூடி, நீளமான குறட்டால் நசுங்கலை நிமிர்த்தினோம். அஸ்மான் கைப்பிடியைச் சுற்றினார். கருவி ஓய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராமையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆலை வரைபடத்துல அந்தப் பாதையே இல்லையேண்ணே" என்றேன்.

"வரைபடம் போட்டவன் தண்ணி தூக்கல மேடம்."

சரோஜாவின் கேள்வி

சுங்கை பெசாரில் ஒரு மண்டபக் கூட்டம். அணு உலையில் விபத்து என்றால் ஓடாதீர்கள், வீட்டுக்குள் போய்க் கதவு சன்னலைச் சாத்துங்கள், அறிவிப்பைக் கேளுங்கள் என்றேன். பக்கத்துத் தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீட்டில் இருக்கும் சரோஜா எழுந்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்ட ஒரு முழ இடைவெளியை எதை வைத்து மூடுவது என்று கேட்டார். பிளாஸ்டிக் விரிப்பு என்று ஆரம்பித்து, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கூட்டம் முடிந்ததும் அவரோடு போய்ப் பார்த்தேன். நாற்காலி மேல் ஏறினால் அந்த இடைவெளி வழியே பக்கத்து வீட்டு டிவி தெரிந்தது. "இதை அறிக்கையில எழுதுறேன். இப்போதைக்கு, வெளிச்சுவர் இல்லாத உள் அறையில இருங்க" என்றேன்.

"எங்களுக்குத் தனி அறைன்னா அது கக்கூஸ்தான் மேடம், அதுவும் வெளியில இருக்கு."

இப்போதெல்லாம் என் பேச்சைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விட்டுவிடுகிறேன். அழைப்பிதழில் மட்டும் இன்னும் என்னை நிபுணர் என்றே போடுகிறார்கள்.