பேருந்தில் தூங்கியவர்களின் புத்தகம்

கையால் புத்தகம் செய்கிற இளங்கலைஞர்களுக்கு ஆறு மாத உதவிநிதி என்று ஜொகூர் பாருவில் ஒரு கலை அமைப்பு அறிவித்தபோது ஷாமளாவும் விண்ணப்பம் போட்டு வைத்தாள். கிடைத்தும்விட்டது. முதல் கூட்டத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர் ராஜசேகரன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, தாத்தா எந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்பது.

ஷாமளா பெர்மாஸ் ஜெயாவில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். பால்மரத்தை நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்ததோடு சரி. அதைச் சொன்னதும் ராஜசேகரனின் முகம், மாப்பிள்ளை ஓடிப்போன பெண்வீட்டார் முகம் மாதிரி ஆனது. சோகக்கதை இல்லாத தமிழ்ப்பெண்ணை வைத்துக்கொண்டு மனிதர் என்னதான் செய்வார்? வேரைத் தேடச் சொன்னார். கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அவர் எந்த வேரைக் கண்டார் என்று ஷாமளா மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள்.

கூட இருந்த கலைஞர்களைப் பற்றியும் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒருத்தி காய்ந்த செம்பனை மட்டையில் அட்டை போட்டாள். உள்ளே வெற்றுத்தாள். மௌனமாம். இன்னொருவன் தைத்த புத்தகத்தை ஆற்றில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தான். கோத்தா திங்கி ஊரில் வந்த வெள்ளமாம். வெள்ளத்தில் மெத்தையைப் பறிகொடுத்தவன் பார்த்தால் அடிக்கவே வந்திருப்பான். சொல்ல ஒன்றும் இல்லாதவனுக்கு எதற்குப் புத்தகம் என்று ஷாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. காலை ஷிப்ட்டுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் பெண்கள் தூங்குகிற தூக்கம். வாய் பிளந்து, அடுத்தவள் தோளில் தலை சாய்த்து, ஒரு கையால் பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு. பழைய நீலச் சீருடைத் துணியில் அட்டை போட்டாள். உள்ளே நீளமாக விரியும் மடிப்புத்தாள், மடிப்புக்கு ஒரு சன்னல், சன்னலுக்கு ஒருத்தி. கடைசிச் சன்னலில் கஸ்தூரி அக்கா, அந்த ஏழு வருடமும் ஷாமளாவின் பக்கத்து இருக்கை. துணியைக் கொடுத்ததும் அவள்தான்.

"அலமாக், எங்க மூஞ்சியையா போடப்போற? எங்களையெல்லாம் பாக்க விடுவாங்களா?" என்று அப்போதே சந்தேகப்பட்டாள்.

"உங்க கையிலயே குடுத்துப் பெரட்ட வைக்கிறேன், பாருங்கக்கா."

அந்த வாக்குக்காகத்தான் ஷாமளா அத்தனை மாதம் விரலில் ஊசி குத்திக்கொண்டது. ராஜசேகரனின் வேருக்காக இல்லை.

கண்காட்சியன்று போய்ப் பார்த்தால் எல்லாப் புத்தகமும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கைபட்டால் பிசுக்கு ஏறும், தாள் கெட்டுவிடும் என்று ராஜசேகரன் விளக்கினார். புரட்டமுடியாத புத்தகத்துக்கு மீன்தொட்டியே மேல், அதிலாவது ஏதாவது நகரும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள் ஷாமளா. பெட்டியைத் திறக்காவிட்டால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவதாகவும் சொன்னாள். விருந்தினர் முன்னால் ரகளை வேண்டாமென்று அவர் அவளுடைய பெட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். ஜெயித்த தெம்பில் ஷாமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் கஸ்தூரியும் இன்னும் நான்கு பெண்களும் சீருடையோடே வந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த, எண்ணெயில் பொரித்த கறிபாப்பை ஆளுக்கொன்று தின்றுவிட்டுப் புத்தகத்தைச் சூழ்ந்து நின்றார்கள். கஸ்தூரி சிரித்துக்கொண்டே நீல அட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அக்கா, கைய கழுவிட்டு வந்துருங்களேன்."

சொன்னது ஷாமளாதான். இத்தனை பேரை ஏளனம் செய்த அதே வாய். பின்னால் நின்ற ராஜசேகரன் மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார்.

கஸ்தூரி கோபப்படவில்லை. நீட்டிய கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

ஷாமளாவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. சும்மா சொன்னேன், தொடுங்கள், ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினாள்.

"பரவால்லலா," என்றாள் கஸ்தூரி. "நீங்களே பெரட்டுங்க. நாங்க பாத்துக்குறோம்."

ஏழு வருடம் நீ, வா, போ என்றவள், இன்று நீங்க என்றாள்.

ஷாமளா புரட்டினாள். ஐந்து பேரும் குனிந்து, தாங்கள் தூங்குவதைத் தாங்களே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். தன் சன்னல் வந்தபோதும் கஸ்தூரி பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை.