கொரில்லா மலையில் செல்வமலரின் இருமல்

நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ஹொல்ம்லியாவில் இருக்கும் செல்வமலர் ஒன்றை நினைத்துவிட்டால் அது நடந்த மாதிரித்தான். முதியோர் இல்லத்தில் வேலை. ஆறடி நோர்வேக்காரரையும் ஒற்றை ஆளாகக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பாள். உகண்டாவுக்குப் போய் மலைக் கொரில்லா பார்க்கப்போகிறேன் என்று ஐம்பத்தாறு வயதில் அவள் சொன்னபோது, கணவர் ஜெகதீஸ்வரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உமக்கென்ன விசரோ? குரங்கு பாக்க ஆபிரிக்காவுக்கோ?"

"குரங்கில்லையப்பா, கொரில்லா. உங்களை இஞ்சை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

பயணத்துக்குக் கூட்டாளி, அவளோடு வேலைசெய்யும் நோரா. குளிர்காலம் முழுக்க இருவரும் ஹொல்ம்லியாவுக்குப் பின்னாலுள்ள காட்டில் ஏறி இறங்கிக் கால்களைப் பழக்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, செல்வமலர்தான் எப்போதும் முன்னால் நடந்தாள்.

உகண்டாவில் மலையேறும் நாள் விடிய, விடுதிக்காரர் மதியத்துக்குக் கட்டித்தந்த வெறும் பாணையும் சீஸையும் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. உப்புச் சப்பில்லாத இதைத் தின்றுவிட்டு எவர் மலையேறுவது? ஒஸ்லோவிலிருந்து கொண்டுவந்த செத்தல் மிளகாயோடு குசினிக்குள் நுழைந்தாள். சம்பல் இடிக்க அதை எண்ணெயில் கருகப் பொரித்தாள். அவ்வளவுதான்! கமறல் சாப்பாட்டு அறைவரை போய், இருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். செல்வமலருக்குச் சிரிப்பென்றால் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு மலையடிவாரத்தில் நின்றுபோனது. மனிதரின் சளிக்காய்ச்சல் தொற்றினால் கொரில்லாக்கள் செத்தே போகலாம், இருமுகிற எவரையும் மேலே விடமாட்டோம் என்றார் வனக்காவலர். மற்றவர்களுக்கு அதற்குள் தொண்டை தெளிந்துவிட்டது. சட்டிக்கு மேலே குனிந்து நின்றவளுக்குத்தான் தெளியவில்லை. லொக்கு லொக்கென்று இருமினாள். காவலர் கையை நீட்டி மறித்தார்.

"ஐயோ, இது காய்ச்சல் வருத்தமில்லை, மிளகாய்!" என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் நம்பினால்தானே? சம்பல் பொதியை அவிழ்த்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மணந்து பாருங்கோ."

மனிதர் நன்றாக உள்ளே இழுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய அவரும் இருமத் தொடங்கினார், பிறகு சிரித்தார். காய்ச்சல் பார்த்தார், இல்லை. கொஞ்சநேரம் இருத்திவைத்தார், இருமல் அடங்கியது. முகக்கவசத்தை இறுக்கக் கட்டச் சொல்லி, தானே முன்னால் நடந்து எல்லாரையும் மேலே கூட்டிப்போனார்.

அது என்ன ஏற்றம்! சேறு முழங்காலைப் பிடித்தது. நோரா சறுக்கும்போதெல்லாம் செல்வமலர் இழுத்துத் தூக்கினாள். கடைசியில் இலைகளுக்கு நடுவே கொரில்லாக் குடும்பம். பெரியவர் முதுகு நரைத்து, ஒருவரையும் மதிக்காமல் தண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தாயின் மடியிலிருந்து குட்டியொன்று இறங்கியது. செல்வமலருக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. ஒரு மணிநேரம் நின்று பார்க்கலாம் என்று காவலர் சொல்லியிருந்தார்.

குட்டி தத்தித் தத்தி அவள் பக்கமாகவே வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொண்டை அரித்தது.

எச்சிலை விழுங்கினாள். மிளகாய்தான், வேறொன்றுமில்லை. ஆனால் விமானத்தில் பக்கத்தில் இருந்தவன் வழிநெடுக மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. குட்டி இன்னும் கிட்ட வந்தது. செல்வமலர் திரும்பி, வந்த வழியே விறுவிறென்று இறங்கினாள்.

மூங்கில் மறைவில் நின்று இருமித் தீர்த்தாள். காவலர் பின்னாலேயே வந்தார்.

"மிளகாய்தானே?"

"ஓம், மிளகாய்தான். எண்டாலும் நீங்கள் என்ரை வாய்ச்சொல்லை நம்பப்போய் அந்தப் பிள்ளை சாகக்கூடாது. நான் இனி மேலை வரேல்லை."

அங்கேயே ஒரு கல்லில் குந்தி அழுதாள். எவ்வளவு ஆசைப்பட்டு வந்தவள்! அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடம் எந்த மாதம் மழை குறைவு என்று காவலரிடம் விசாரிக்கத் தொடங்கினாள்.