விளக்கேற்றி வைத்துப் பார்த்த படம்

நெற்றி நிறைய விபூதியும் மடியில் வீணையுமாக ஒருவர் கோவிலின் முன்னே அமர்ந்திருக்கும் வீடியோ கசெட் உறையைக் கண்டதுமே, அது "சாமி படம்" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். றத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. டிவியும் கசெட் ஓட்டும் "டெக்"கும் ஜெனரேட்டரும் டவுனிலிருந்து வாடகைக்கு வரவேண்டும். மார்கழி பஜனைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவற்றைக் கொண்டுவந்து இறக்கியவர், பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். தோட்டமே அவரைப் "பெட்டி மாஸ்டர்" என்றுதான் அழைத்தது.

சாமி படம் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. அன்று கருவாடு கூடாது, தலைக்குக் குளிக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். அம்மா டிவியின் மேல்விளிம்பில் மூன்று விரலால் விபூதி பூசி, பொட்டிட்டு, குத்துவிளக்கை ஏற்றி, படம் முடிந்ததும் காட்டுவதற்குக் கற்பூரத்தையும் தட்டில் எடுத்து வைத்தார். ஒன்பது வயதுச் சிறுமியான நான், அப்பாவின் தங்கை சரசு அத்தையின் தோளில் சாய்ந்திருந்தேன். பஜனையில் முதல் குரல் அத்தையுடையது. தை பிறந்ததும் அவரை வில்கமுவையில் வயல் செய்யும் ஒருவருக்கு நிச்சயம் செய்வதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முதல் கீர்த்தனைக்கு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இரண்டாவதில்தான் சந்தேகம் வந்தது. உறையில் கண்டவர் சாமியல்ல, அந்தக் காலத்து அரண்மனையொன்றில் கீர்த்தனைகள் இயற்றியவர்; அம்மனிதர் அம்பாளைப் பாடுவதாகச் சொல்லிக்கொண்டு ஆற்றின் எதிர்க்கரையில் பூத்தொடுக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க இது, சாமிய இன்னும் காணோம்?" என்றார் அம்மா.

"வரும், பொறு," என்றார் அப்பா.

சாமி வரவில்லை, அந்தப் பெண் ஈரச் சேலையோடு வந்தாள். அப்பா டிவியை நிறுத்த எழுந்தார்.

"ஐயோ, வெளக்கேத்தியாச்சுங்க! நடுவுல நிப்பாட்டினா குத்தமாயிரும்," என்று தடுத்தார் அம்மா.

ஆகவே எங்கள் குடும்பம் விளக்கின் முன்னே கைகட்டி அமர்ந்து, ஒரு காதல் படத்தைக் கடைசிவரை பயபக்தியோடு பார்த்தது. கீர்த்தனைக்காரர் தம் மனதை அவளிடம் சொல்லவேயில்லை. அவள் வேறொருவருக்கு மனைவியாகிப் படகேறிப் போகையில், கரையில் நின்று இன்னொரு கீர்த்தனை பாடினார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அத்தை அழவில்லை, அவர் கை என் தோளை இறுக்கியது.

"இத்தன பாட்டுக் கட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலியே!" என்றவர், மூச்சுவிட்டு, "அண்ணே, வில்கமுவ சம்பந்தம் எனக்கு வேணாம். நான் மாஸ்டரத்தான் கட்டிக்குவேன்," என்றார்.

அப்பா, ஜெனரேட்டரைக் கவனித்தபடி வாசலில் நின்ற மாஸ்டரைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர் இது?"

"நானே வந்து கேக்கணும்னுதாங்க இருந்தேன்."

"எத்தன நாளா?"

"நாலு மார்கழியாங்க."

"நாலு மார்கழியா பெட்டியத்தான் அமுக்கிக்கிட்டு இருந்தீங்க," என்றார் அத்தை.

யாரோ சிரித்துவிட்டார்கள், அம்மாவாகத்தான் இருக்கும். அப்பா சிரிக்கவில்லை. கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிது. "மொதல்ல கற்பூரத்தக் காட்டு," என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போகாமல், பஸ் மாறி மாறி வில்கமுவைக்குப் போய், அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இருட்டுமுன் திரும்பினார். அங்கே என்னென்ன பேச்சு வாங்கினார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வைகாசியில் அத்தைக்கும் மாஸ்டருக்கும் தோட்டத்துக் கோவிலில் கல்யாணம் நடந்தது.

கசெட் வாடகைக் கடைகள் எல்லாம் போய்விட்டன. சாமி படத்தை இப்போது கைப்பேசியில் படுத்தபடியே பார்க்கிறோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள்; மாஸ்டர் மாமா சென்ற ஆண்டு காலமானார். றத்தோட்டையில் அத்தை மட்டும் இருக்கிறார். ஞாயிறுகளில் நான் போய் அவரோடு இருந்துவிட்டு வருகிறேன்.